அவளுக்கும் ஒரு புள்ளி வை என்று வேண்டினேன்

டாக்டரம்மா இருந்தார். நர்ஸ் இருந்தார். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். பக்கத்துக் கட்டிலில் குப்பனூர் சரசு இருந்தாள். அவள் புருஷன் இருந்தார். நான் இருந்தேன். சேலத்து ஆஸ்பத்திரி. தை மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

எனக்கும் சரசுவுக்கும் ஒரே நோய். கணையத்தில் புற்றுநோய். இரண்டு பேருக்கும் கண் மஞ்சளாகித்தான் தெரிந்தது. கட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஸ்கேனில் அவளுக்குக் கட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. எனக்கு ஈரலில் ஒரு புள்ளி. அது பரவியதாக இருந்தால் ஆபரேஷன் கிடையாது என்றார்கள். ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவளுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

எனக்கு மட்டும் ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"பழனியம்மா, உடம்புல நொதின்னு ஒண்ணு இருக்கு. சோத்தைச் செரிக்க வைக்கிறது அதுதான். புண் ஆறும்போது செத்த சதையை வெட்டி எடுக்கறதும் அந்த மாதிரி ஒரு நொதிதான். கட்டி அதையே தன் வேலைக்கு இழுத்துக்கும். சுத்தி இருக்கற வேலியை அது வெட்டிவிட்டா நோய் வெளியே போயிடும். ஒருத்தருக்கு வேகமா வெட்டும், ஒருத்தருக்கு மெதுவா. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலை."

காப்பி எஸ்டேட்டில் இருபது வருஷம் வேலை செய்தவள் நான். வேலி என்றால் தெரியும். என் உடம்பே என் வேலியை வெட்டுகிறது. அவள் உடம்பு வெட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

"ஏனுங்கக்கா, உங்க ஒடம்புல இருக்கற அருவா நொம்பக் கூரு போல. மழுங்கட்டும்னு நானும் சாமிகிட்டச் சொல்றனுங்க."

வார்டே சிரித்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவள் தலை வாரினால் பொறுக்கவில்லை. இட்லி தின்றால் பொறுக்கவில்லை. சும்மா படுத்திருந்தாலும் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மலைக்கோயிலுக்குப் போய்ச் சேர்வராயன் சாமி திருநீறு கொண்டுவந்தார். சரசு கை நீட்டினாள். தீர்ந்துவிட்டது என்றேன். தலையணைக்கு அடியில் இருந்தது.

அன்று வேண்டியதை மறைக்காமல் எழுதுகிறேன். சாமி, என் புள்ளியை எடு. எடுக்காவிட்டால் அவளுக்கும் ஒன்று வை.

வியாழக்கிழமை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். சீக்கிரமே வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் பொடிப்பொடியாகப் பரவியிருந்ததாம். ஸ்கேனில் தெரியாத அளவு. கட்டியை எடுக்காமலே தைத்துவிட்டார்கள்.

மறுநாள் என் சோதனை முடிவு வந்தது. ஈரலில் இருந்தது புற்றுநோய் இல்லை. எனக்கு ஆபரேஷன் உண்டு என்றார்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கேட்டதாலயாங்க?"

"இல்லம்மா. நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பரவியாச்சு."

அவளுக்கும் ஒன்று வை என்ற அந்த வேண்டுதலைச் சாமி காதில் வாங்கவில்லை. வாங்காததற்குத்தான் முதலில் நன்றி சொல்லிக் கும்பிட்டேன். என் புள்ளியும் முதலிலிருந்தே ஒன்றுமில்லாததுதான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். கேட்டேன். பதில் வந்தது.

திருநீற்றை எடுத்துக்கொண்டு சரசுவிடம் போனேன்.

"இருந்துச்சு சரசு. ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"தெரியுமுங்க. தலகாணியெல்லாம் திந்நூறு. இப்ப உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க. சரியாப் போச்சு. பூசி உடுங்க."

பூசினேன்.

இது ஆனி மாதம். ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன். கணையத்தில் பாதி இல்லை. சோற்றோடு நொதி மாத்திரை விழுங்குகிறேன். காலையில் சாமியிடம் அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என் பெயரைச் சொல்கிறேன். பொறாமை முழுதாகப் போய்விடவில்லை. நோயில்லாத ஆளைப் பார்த்தால் வருகிறது. வந்தால் அதையும் சாமியிடமே சொல்கிறேன்.

அமாவாசைக்கு மலைக்கு வருகிறவர்களே, உங்கள் வீட்டிலும் நோயாளி இருந்தால் கேளுங்கள். மனசு கெட்டுக் கிடந்தாலும் கேளுங்கள். எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று சாமிக்குத் தெரியும். கேட்கும்போது சரசுவையும் சேர்த்துக் கேளுங்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும். இதுவரை ஏறியது ஒன்பது.