தயக்கத்தைக் கவனிக்காத கிளெமென்ட்

ரிச்சர்ட்ஸ் டவுன் கிளெமென்டைப் பற்றி ஊருக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். முப்பத்து மூன்று வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தவர், பக்கத்திலிருக்கும் ஜீவனஹள்ளிக்கு வழி கேட்டால் தடுமாறுவார். பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜையில் தன் கூட்டாளி யோசிக்கத் தொடங்கினால், அவர் உடனே அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். முதலாவதை ஊர் மன்னித்துவிட்டது. இரண்டாவதற்காக கிளப்பில் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. சீட்டை இறக்குமுன் ஏலம் நடக்கும். கையில் என்ன இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாது. பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தால், முன்பே பேசி வைத்தபடி கூட்டாளி புரிந்துகொள்ள வேண்டும். அட்டையை எட்டு நொடியில் வைத்தாலும் எண்பது நொடியில் வைத்தாலும் அர்த்தம் ஒன்றுதான். தயக்கத்திலிருந்து எதையாவது தெரிந்துகொண்டால் அது திருட்டு. கிளெமென்ட் திருடாத மனிதர்.

கூட்டாளி பெர்னார்ட், ரயில்வே தணிக்கையில் இருந்தவர். தன் மனைவி இறந்தபின் கிளெமென்ட் இந்த உலகத்தில் அதிகம் பேசியது அவரோடுதான். அதுவும் பெரும்பாலும் அந்த முப்பத்தெட்டு அட்டைகளால். செவ்வாய், வியாழன், சனி, மாலை நான்கு மணி. முப்பத்தோரு வருடங்கள்.

கடந்த இரண்டு வருடங்களாக பெர்னார்டின் தயக்கம் நீண்டுகொண்டே போனது. கிளெமென்டும் மின்விசிறியை நீண்ட நேரம் பார்த்தார். அதன் மூன்று இறக்கைகளில் ஒன்று சற்றுக் கோணல் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் பெர்னார்ட் கையில் ஒரு டைமண்டும் இல்லாமல் இரண்டு டைமண்ட் கேட்டார். கிளெமென்ட் மூன்று நாள் யோசித்து, எதிரிகளைக் குழப்ப வைத்த பொறி அது என்று கண்டுபிடித்து, கிளப்பில் நாலு பேருக்கு விளக்கவும் செய்தார். பெர்னார்ட் அடக்கமாகத் தலையாட்டினார். பெரிய ஆட்டக்காரர்களுக்கு அடக்கம் உண்டு என்பது தெரிந்ததே.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பெர்னார்டின் மனைவி டோரீன், கோயில் வாசலில் கிளெமென்டைத் தனியே அழைத்தார்.

"கிளெமென்ட் அண்ணா, இவரு பிரெட் வாங்கப் போய் ஒரு மணி நேரம் கடை முன்னாடி ஒண்ணும் வாங்காம சும்னே நின்னிருக்கார். டாக்டர் ஸ்கேன் பார்த்துட்டு, ஞாபகம் போற வியாதி, ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாவது இருக்கும்ங்கிறார். வாரத்துக்கு மூணு நாள் மூஞ்சிக்கு நேரா உக்கார்றீங்களே, ஒண்ணுமே தெரியலியா?"

"தயங்கறதைக் கவனிக்கக் கூடாதும்மா. ரூல்."

"நல்ல ரூல். நானும் இவரு மாவுன்னு நினைச்சு உப்பைப் பிசைஞ்சாரேன்னு சிரிச்சவதான், உங்களை என்ன சொல்ல. இந்த வியாழக்கிழமை கவனிங்க. அவர் இன்னும் ஆடலாம்னா அனுப்பறேன். முடியாதுன்னா நிறுத்திடறேன். நீங்க சொல்றதுதான்."

வியாழக்கிழமை. எதிர்க்கட்சியில் ஜெயலக்ஷ்மி; ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எதிர்க்கட்சியின் ஏலம் மூன்று ஹார்ட்ஸ் வரை ஏறி பெர்னார்டிடம் வந்து நின்றது. கிளெமென்டின் கழுத்து பழக்கத்தில் மேலே போனது. அதைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்தார்.

பெர்னார்ட் தன் சீட்டுகளில் ஓர் ஓரத்தில் இருந்தவற்றை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டு முறை. பிறகு அவர் கை, தெரியாத வீட்டில் லைட் சுவிட்ச் தேடுவதுபோல அட்டைகளின்மேல் அலைந்தது. சிவப்பு அட்டையில் நின்றது. டபுள். 'கேட்டதை உங்களால் எட்ட முடியாது, பந்தயம் இரட்டிப்பு' என்பது அதன் நேர் அர்த்தம்; ஜோடிகள் வேறு அர்த்தமும் பேசி வைத்திருக்கும்.

"இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று ஜெயலக்ஷ்மி கேட்டார். கேட்பது அவர் உரிமை.

"அவர்கிட்ட ஹார்ட்ஸ் ரொம்பக் கம்மி. என்கிட்ட நீளமா இருக்கிறதை நான் கேக்கணும்" என்றார் கிளெமென்ட். முப்பத்தோரு வருட ஒப்பந்தம் அதுதான்.

ஜெயலக்ஷ்மி 'பாஸ்' அட்டையை வைத்தார். கிளெமென்டிடம் நீளமாக இருந்தது கிளப்ஸ், ஐந்து சீட்டு. நான்கு கிளப்ஸ் என்று வைக்க வேண்டியதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒப்பந்தத்தை மறந்திருந்தார். எண்ணிப் பார்த்த ஐந்தும் ஹார்ட்ஸ்; அந்த நிறத்தில் ஓர் அட்டையைத் தேடி எடுத்திருந்தார். கிளெமென்ட் வாழ்க்கையில் முதல் முறையாகத் திருடினார். எதிர்க்கட்சியே மூன்று ஹார்ட்ஸை ஆடித் தோற்கட்டும் என்று பச்சை அட்டையை எடுத்து 'பாஸ்' வைத்தார்.

எதிர்க்கட்சி இரண்டு பிடி குறைந்து தோற்றது. ஜெயலக்ஷ்மி கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். நடுவர் டிரேவர், கிளெமென்டிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன்.

"சார், பெர்னார்ட் அங்கிள் தயங்கினாரா?"

"தயங்கினார்."

"நீங்க கவனிச்சீங்களா?" என்று முறைக்காகக் கேட்டுவிட்டு, மின்விசிறி என்ற பதிலுக்காக டிரேவர் காத்திருந்தான்.

"கவனிச்சேன்."

"நீங்களா சார்?" ஜெயலக்ஷ்மியின் குரல் இறங்கிவிட்டது. புகார் கொடுத்ததற்கு அவரே வருந்துவதுபோல இருந்தது.

"ஆமாம்மா. ரெண்டு வருஷம் லேட்டா."

விதிப்புத்தகத்தில் இரண்டு வருடத் தாமதத்துக்கு இடமில்லை. கிளெமென்டும் பெர்னார்டும் நான்கு கிளப்ஸ் ஆடித் தோற்றதாக டிரேவர் மதிப்பெண்ணைத் திருத்தினான். முப்பத்தோரு வருடத்தில் அந்த ஜோடியின் பெயர் குற்றத்தாளில் ஏறுவது அதுவே முதல் தடவை.

"ஏன் கிளெம், நாம ஜெயிச்சோம்தானே?" என்றார் பெர்னார்ட்.

"ஜெயிச்சோம்டா."

ஆறரைக்கு டோரீன் ஆட்டோவில் வந்து கிளப் வாசலில் இறங்கினார். கிளெமென்டின் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்திடுங்கம்மா" என்றார் கிளெமென்ட், மெதுவாக.

டோரீன் கணவரைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார். பெர்னார்ட் உள்ளேயிருந்து தலையை நீட்டினார்.

"சனிக்கிழமை லேட்டா வராதே, கிளெம்."

சொல்லிவிட்டு பதிலுக்குக் காத்திருந்தார். கிளெமென்ட் தயங்கினார். தெருவில் அண்ணாந்து பார்க்க மின்விசிறி இல்லை.