பால் காய்ச்சும் முன் கருவாடு

விடிந்தும் விடியாமலும் ரெஜினாவுக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும். வீட்டில் ஆள் கிடையாது. கணவர் ஸ்டானிஸ்லாஸ் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பாக்டரிக்கு இருட்டோடு போய்விடுவார். ஆகவே அவள் காபி டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, செல்போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தன்னிடம் வீடு கேட்டு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே மூச்சில் பேசி அனுப்புவாள்.

"கண்ணுங்களா, எய்ந்தாச்சா? வூடு பாக்கறதுக்கு ஞாயித்துக்கெயம போவாதீங்க. அன்னிக்கி கண்டெய்னர் லாரி கம்மி, தெருவே சர்ச்சு மாறி அமைதியா கீது. திங்கக்கெயம சாயங்காலம் போயி நில்லு, அப்போ தெரியும். அப்பால, வில்லங்கம் போட்டுப் பாக்காம ஒத்த ரூபா குடுக்காத. 'கூடப் பொறந்தவங்க மாறி பயகிட்டோம்'னு எவனாவது சொன்னான்னு வெச்சிக்கோ, அவனுக்கு மட்டும் ரெண்டு வாட்டி வில்லங்கம் போடு. பேங்க்ல லோன் இல்லன்னுட்டானா? வுடு. ஊர்ல ஒரே பேங்க்கா கீது? மூஞ்சியக் கயுவிகினு அடுத்த பேங்க்குக்குக் கெளம்பு."

வீடு வாங்கி முடித்தவர்கள்கூட அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போவதில்லை. காலையில் ரெஜினாக்காவிடம் நாலு வார்த்தை திட்டு வாங்கினால்தான் அன்றைய பொழுது ஓடுகிறதாம்.

ரெஜினா ராயபுரத்து வீட்டுத் தரகர். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு ஸ்கூட்டர் உண்டு. கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; வந்த வேகத்தில் போயும்விடும். அந்த ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஓர் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் ஏறியிருந்தால், எங்கேயோ ஒரு வீடு முடியப் போகிறது என்று மற்ற தரகர்கள் தெரிந்துகொள்வார்கள். "கருவாட்டு ரெஜினா கெளம்பிடுச்சி" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

ஏனென்றால் அவள் வைத்திருக்கிற சட்டமே அதுதான். பத்திரம் சரி, சுவர் சரி, தண்ணீர் சரி, விலையும் படிந்துவிட்டது; இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கம்பக்கத்தார் எல்லாம் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வாங்கப் போகிறவர்கள் அந்தக் காலி வீட்டில் வாளைக் கருவாடு வறுத்துச் சாப்பிட வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும். இதற்குச் சாவி தர மாட்டேன் என்று ஓனர் சொன்னால் அந்த வீடே வேண்டாம். "பால அப்பால காச்சிக்கலாம். பாலுக்கு எவன் மூக்கப் பொத்துவான்? மொதல்ல கருவாடு" என்பாள்.

இது பட்டு வந்த புத்தி. கல்யாணமான புதிதில் அவளும் ஸ்டானிஸ்லாசும் ஆசை ஆசையாக ஒரு பிளாட் வாங்கினார்கள். ஃபாதர் வந்து மந்திரித்தார், பால் பொங்கியது, மாடி வீடு கீழ் வீடு எல்லோரும் வந்து லட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே அவள் கருவாடு வறுத்தாள். சாதம் வடிப்பதற்குள் வாசலில் கூட்டம். யாரும் சண்டை போடவில்லை. சிரித்த முகத்தோடு, "நாங்கள்லாம் இங்க ஒரு மாதிரி பழகிட்டோம்" என்றார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வருஷக்கணக்கில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஊதுபத்தி கொளுத்தி, சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகச் சமைத்துச் சாப்பிட்டாள். கடைசியில் விற்றுவிட்டு ராயபுரத்துக்கே வந்து சேர்ந்தாள். தெருவெல்லாம் மீன் காய்கிற இடத்தில் பிறந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவளிடம் வந்து சேர்ந்தாள் ராஜாத்தி. புளியந்தோப்பு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பிறந்து, பக்கத்து பிளாக்கிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மகளை வளர்த்து ஆளாக்கியவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கணவன் கோதண்டம் பஸ் டெப்போ மெக்கானிக். பழைய பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், மழைக்கு முன்னால் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று தகவல் வந்துவிட்டது. மகள் மகிழினிக்கு நல்ல வேலை கிடைத்து, அவள் பெயரில் லோனும் தயாராக இருந்ததால், வாடகைக்கு அலைவதற்குப் பதில் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று துணிந்தார்கள்.

துணிந்தார்களே தவிர வீடு அமையவில்லை. ஓரிடத்தில் கருவாடு சட்டியில் விழுந்த உடனே அசோசியேஷன் செயலாளர் சாம்பிராணித் தட்டோடு படியேறி வந்தார். இன்னோரிடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "எந்த ஏரியாவுலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள். ராஜாத்தி "புளியந்தோப்பு" என்றாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள், வீட்டை விற்கிற உத்தேசம் இல்லை என்று ஓனர் போன் செய்தார். ரெஜினா அந்த ஆளைக் கிழி கிழி என்று கிழித்தாள். கிழித்து என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து வீடு பார்க்கக் கூப்பிட்டால், "நீங்களே பாத்து சொல்லுங்கக்கா" என்று ராஜாத்தி ஒதுங்க ஆரம்பித்தாள். மழை வருவதற்குள் இந்தப் பெண்ணை ஒரு வாசலுக்குள் சேர்த்துவிட வேண்டும், அதுவும் தலைநிமிர்ந்து நுழைகிற வாசலாக இருக்க வேண்டும் என்று ரெஜினா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் திருவொற்றியூரில் அந்த பிளாட் வந்தது. மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு, இரண்டு படுக்கையறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். தன் அறை எது என்று மகிழினி முதல் தடவை வந்தபோதே முடிவு செய்துவிட்டாள். ராஜாத்தியைத் தாஜா பண்ணிக் கூட்டிவருவதற்குள் ரெஜினாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்புப் பற்றியது. வாளை எண்ணெயில் விழுந்து வாசனை கிளம்பி மாடிப்படி முழுவதும் இறங்கியது. ரெஜினா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். எவனாவது வரட்டும் என்று வாயில் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். பக்கத்துக் கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு ஒருவர் வெளியே வந்தார், லிப்டில் ஏறினார், போனார். எதிர்வீட்டுப் பெண் துணி எடுக்க வந்தாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். சட்டி இறங்கிச் சாப்பாடும் ஆயிற்று, ஒரு குஞ்சு குளுவான்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ரெஜினாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "நைனா, போன் போடு ஓனருக்கு. பாஸ் ஆயிடுச்சி" என்றாள் கோதண்டத்திடம்.

தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ராஜாத்தி தலை தூக்காமலே சொன்னாள். "வேணாம்க்கா இந்த வூடு."

"இன்னாது? ஏன், செவுரு ஓதமா கீதா? எவனாவது எதுனா சொன்னானா?"

"யாரும் ஒண்ணியும் சொல்லல. அதான் வேணாம்ன்றேன்."

ரெஜினாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "உனுக்கு இன்னா கொயுப்புடி? வாய மூடிகினு இருக்கற ஜனம் கெடைக்கலன்னுதானே இத்தினி நாளா லோல்பட்டுகினு கீறோம்? இங்க மூடிகினு கீறாங்க. அதுவும் தப்பா?"

"திட்டாதக்கா. எங்க பிளாக்குல நான் கருவாடு வறுத்தா மேல் வூட்டுக்காரி அங்கேர்ந்தே கொரலு குடுப்பா. எதுர் வூட்டுக்காரி தட்டத் தூக்கிகினு வருவா. ஒருத்தி தல வலிக்குதுன்னு கத்துவா. கத்துறதுக்காவது வருவா. இங்க அந்தப் பொண்ணு என்னியப் பாத்துச்சி, யாரும்மா நீன்னு ஒரு வார்த்த கேக்கல." ராஜாத்தி தட்டைத் தள்ளி வைத்தாள். "இவரு டெப்போக்கு பூடுவாரு, பொண்ணு ஆபீஸுக்குப் பூடும். நான் பாத்ரூம்ல வுயுந்து கெடந்தா இந்த வாசன மாறிதான். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வர மாட்டாங்க."

கோதண்டம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, அது சொல்றது எனுக்கும் கரீட்டாதான் படுது" என்றான்.

ரெஜினா அடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் ராஜாத்தியைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினாள். மறுநாள் காலை குழுவில் அவள் குரல் வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. காபி ஆறும்வரை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் எவன் மூக்கைப் பொத்துவான் என்றுதானே பார்த்துக்கொண்டிருந்தோம், எவன் எட்டிப் பார்ப்பான் என்று பார்க்கவே இல்லையே என்று தோன்றியது. ராஜாத்தி சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு எரிச்சல்.

அவள் கையில் இன்னொரு வீடு இருந்தது. ராயபுரத்திலேயே, சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில், முதல் மாடி. லிப்ட் கிடையாது, படி குறுகல், கடலும் தெரியாது. காகிதமெல்லாம் சுத்தம், விலையும் குறைவுதான். ஆனாலும் அவள் யாரையும் அங்கே கூட்டிப் போவதில்லை. காரணம் எதிர்வீட்டு ரசூல் பீவி. பிள்ளைகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிற பொம்பளை. வீடு பார்க்க வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டே விரட்டிவிடுவாள். அந்த வாய்க்குப் பயந்து ரெஜினாவே அந்தச் சந்தில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்ட மாட்டாள்.

அடுத்த ஞாயிறு ராஜாத்தியையும் கோதண்டத்தையும் அங்கே கூட்டிப்போனாள். எதிர்வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சட்டி காய்ந்து கருவாடு விழுந்ததுதான் தாமதம், எதிர்க்கதவு படாரென்று திறந்தது. ரசூல் பீவி வாசல்வரை வந்து நின்றாள். கூப்பிடாமல் அடுத்தவர் வீட்டுப் படியை மிதிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வாய் மட்டும் உள்ளே வந்தது.

"யாரும்மா அது? பூட்டிக் கெடந்த வூட்டுல அடுப்பு எரிஞ்சிகினு கீது?"

"வூடு பாக்க வந்துகீறோம்" என்றாள் ரெஜினா.

"வூடு பாக்க வந்தா செவுத்தப் பாப்பாங்க, கொயாயத் தொறந்து பாப்பாங்க. சமையலா பண்ணுவாங்க? வாங்கப் போறது யாரு, இந்தப் பொண்ணா? புருசன் இன்னா பண்றாரு? எத்தினி பசங்க?" பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததையும் கேட்டாள். "எந்த ஏரியாமா நீங்க?"

ராஜாத்தியின் கரண்டி நின்றுவிட்டது. கோதண்டம் தரையைப் பார்த்தான். வண்ணாரப்பேட்டை என்று ஒரு பொய் ரெஜினாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால்தான் என்ன, இந்த ஒரு தடவை? அதற்குள் ராஜாத்தி திரும்பி ரசூல் பீவியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"புளியந்தோப்பு. வாரியத்து பிளாக்கு."

ரசூல் பீவி அவளைப் பார்த்தாள். எட்டிச் சட்டியைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"புளியந்தோப்புன்ற. அங்க பொறந்து வளந்துட்டு வாளைய இப்டியா தீய்ப்ப? தீயக் கொறமா மொதல்ல. பேச்சப் பாத்துகினு கரிய வுட்டுட்ட."

ராஜாத்தி சட்டென்று தீயைக் குறைத்தாள். "பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கே ஆக்கிப் போடுறவ நானு, என்னியப் போயி" என்று முணுமுணுத்தாள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து ரெஜினா பார்த்ததில்லை. ரெஜினா சிலிண்டரைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

ரசூல் பீவி அதற்குள் தன் வீட்டுக்குப் போய், நறுக்கிய கத்திரிக்காயை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வெறும் கருவாட எவ துன்னுவா? இத்தயும் போட்டு வதக்கு" என்று வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று நீட்டினாள்.

அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை. ஓனருக்குப் போன்கூடப் போகவில்லை. ராஜாத்தி கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"அங்கியே நின்னுகினு இன்னாக்கா? நம்ம வூடுதான். உள்ள வந்து குந்து."