கேபிளுக்கு அடியில் வந்த நடை

பேய்க் கதை கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் போன சித்திரையில் இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

சங்கரன்கோவிலிலிருந்து இளையரசனேந்தல் வரை மண்ணில் புதைத்த கண்ணாடி இழைக் கேபிளைச் சோதிப்பது என் வேலை. அறையில் உட்கார்ந்து இழைக்குள் குட்டிக் குட்டி ஒளித்துடிப்புகளை அனுப்புவேன். மேலே யாராவது மிதித்தால் இழை துளி அசையும். திரும்பி வரும் ஒளியலையின் கட்டம் (ஃபேஸ்) மாறும். எந்த இடத்தில் மிதித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். திரையில் கோடு மேலே துள்ளும். ஸ்பீக்கரில் சத்தமும் கேட்கும்.

அன்று உச்சிவெயில். கரிசல் காட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கள் இசக்கிராஜா மட்டும் கேபிள் தடத்தில் நடந்து சோதனைக்கு உதவிக்கொண்டிருந்தான். புதுமாப்பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்டாட்டியிடம் ஓடுகிற அவசரம் அவனுக்கு.

மணி 12:14. அவனுக்குப் பின்னால் இன்னொரு நடை விழுந்தது.

அந்தக் கோடு கீழே துள்ளியது.

கருவிக் கோளாறு என்று அணைத்து மறுபடி போட்டேன். அவன் அடி மேலே. மற்றது கீழே. மண்ணுக்குள்ளிருந்து மேல்நோக்கி மிதிப்பதுபோல...

போன் போட்டேன்.

"ஏலே, ஒம் பின்னால யாரு வாரா?"

"இங்கன ஒரு காக்கா கூட இல்ல அண்ணாச்சி."

"கேபிள விட்டு வெலகி ஓடுலே."

"ஒங்களுக்கு வெளாட்டாப் போச்சு." சிரித்தபடி நின்றுவிட்டான்.

தட்... தட்... தட்...

இடைவெளி பத்து மீட்டர்.

மூன்று.

அவன் காலடி.

ஸ்பீக்கர் அடங்கியது.

"ஏலே இசக்கி?"

போனில் மூச்சு மட்டும்... பிறகு, "வாரேன்."

அவன் பெண்டாட்டி இசக்கிசெல்விக்கு என்ன பதில் சொல்வேன் என்றே எனக்கு நினைப்பு.

ஒரு மணிக்கு அவன் பைக் வந்தது. முற்றத்தைக் கடந்து என் மேசைக்கு வந்து நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பியது. "வீட்டுக்குப் போயிச் சாப்பிடுடே" என்று நானே அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் பதிவை ஓட்டிப் பார்த்தேன். கேபிள் எங்கள் முற்றத்துக்கு அடியில்தான் வருகிறது. வாசலிலிருந்து மேசை வரை அவன் வைத்த ஒவ்வோர் அடியும் கீழே துள்ளியிருந்தது.

மேலே துள்ளும் அவனுடைய பழைய நடை காட்டில், அவன் நின்ற இடத்திலேயே, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் மண்.

போன வாரம் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தான். இசக்கிசெல்வி முழுகாமல் இருக்கிறாளாம்.