வாக்குமூலத்தைத் திருப்பிச் சொன்னவர்

துபாசி ஆசீர்வாதம் ஐயா கோலாரில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்ற செய்தி, ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது வந்தது. “காய்ச்சலா? சாராயக் குத்தகைக்காரன் குடுத்தது செரிக்கல போல” என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டவேண்டும் என்றே எழுதுகிறேன்.

எங்கள் தங்கச் சுரங்க வாசலில் இருக்கும் சாராயக்கடையை எடுக்கச் சொல்லி, மைசூர் தசராவில் கூடும் பிரதிநிதி சபையில் பேசுவதாக நம் அங்கத்தினர் வாக்குக் கொடுத்திருந்தார். போனார், பேசாமலே திரும்பினார். பிறகு ஒரு விடியற்காலை, ஷிப்டு முடிந்து வந்த என் அப்பா, குத்தகைக்காரரின் ஆள் அங்கத்தினர் வீட்டுக் கொட்டிலில் ஒரு ஜோடிக் காளைகளைக் கட்டுவதைப் பார்த்தார். அது லஞ்சமா என்று விசாரிக்கக் கோலாரிலிருந்து அதிகாரி வந்தார். எங்கள் தமிழை அவருக்குக் கன்னடத்தில் சொல்லும் துபாசியாக ஆசீர்வாதம் ஐயா வந்தார்.

விசாரணைக்கு முன்தினம் சாட்சிகளுக்கு நாளும் இடமும் சொல்ல அவர் வீடு வீடாக வந்தபோது அம்மா மோர் கொடுத்தாள்.

“வேணாம்மா. வெசாரணை முடியட்டும், வந்து குடிக்கிறேன். இப்போ குடிச்சா மோருக்கு வெலைபோனான்னுவாங்க.”

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா சொன்னாள்: “நம்ம வூட்ல வாய் நனைக்கமாட்டாராம். எங்க நனைக்கிறாரோ!” நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாங்கள் ஜன்னலருகே நின்றோம். அப்பா பார்த்ததைச் சொன்னார். குமாஸ்தா கன்னடத்தில் எழுதிக்கொண்டார். கைநாட்டு வைக்க அப்பா விரலை நீட்டியபோது ஐயா தடுத்தார்.

“எழுதினதைத் தமிழ்ல சொல்றேன். கேட்டுட்டு வைங்க.”

அதிகாரி முகம் சுளித்தார். ஐயா தாளைக் கையில் வாங்கி உரக்கச் சொன்னார்: “காளைகளை நான் பார்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டேன்.”

கூட்டம் கொதித்தது. “டேய் துபாசி! எவ்ளோடா துன்ன?” ஜன்னல் வழியே மண்ணாங்கட்டி பறந்து வந்து அவர் தலைப்பாகையில் விழுந்தது. அப்பாவும் கத்தினார்: “நான் கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். இன்னாய்யா மாத்தறே?”

“நான் மாத்தல. தாள்ல இருக்கறதைச் சொன்னேன்” என்றார் ஐயா. தலைப்பாகையை அவர் தட்டிக்கொள்ளவில்லை. கூச்சலில் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலோடு ஒட்டி நின்ற எனக்குக் கேட்டது. குமாஸ்தா தலை நிமிராததையும் பார்த்தேன்.

அப்பா சொன்னதை ஐயா மறுபடி கன்னடத்தில் சொல்ல, அதிகாரி அந்தத் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதவைத்தார். அப்பா கைநாட்டு வைத்தார். ஆனால் ஊர் நினைவில் நின்றது, பொய்யைப் படித்த குரல்தான்.

வெளியே வந்த ஐயாவிடம் கேட்டேன்: “மாத்தி எழுதினது குமாஸ்தான்னு சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“சொன்னா, இனிமே என்னைக் கண்ண மூடிக்கினு நம்புவாங்க. அது வேணாம், பாப்பா. என்னையும் சந்தேகப்படட்டும், திருப்பிச் சொல்லுன்னு கேக்கட்டும்.”

காளைகள் இப்போது அந்தக் கொட்டிலில் இல்லை. எங்கே போயின என்று தெரியாது. சாராயக்கடை இருக்கிறது. விசாரணையின் முடிவு இன்னும் வரவில்லை. அம்மாவின் மோரை அவர் குடிக்கவும் இல்லை.

நேற்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா, கடையை எடுக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டார். எழுதி, உரக்கப் படித்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் சொன்னதேதானா? நடுவுல நீயா எதையும் சொருவலியே?”

எனக்குக் கோபம் வரவில்லை. “இன்னொரு தடவை படிக்கிறேன் அக்கா, கேளுங்க” என்றேன். ஆசீர்வாதம் ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.