கத்தரி படாத ஓரம்

அம்மா இறந்தபிறகு குருவி யாரையும் தன் முடியைத் தொடவிடவில்லை. அம்மா ஒரு பார்லரில் முடி வெட்டும் வேலை பார்த்தவள். மகளுக்குக் கடைசியாக வெட்டிவிட்டதும் அவள்தான். அந்த நுனிகளை இன்னொருவர் வெட்டினால் அம்மா மறுபடியும் போய்விடுவாள் என்று குருவிக்கு ஒரு நினைப்பு. சொன்னால் சிரிப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

முன்முடி வளர்ந்து கண்ணை மூடியது. வகுப்பில் கரும்பலகை நாணலுக்குப் பின்னால் மிதப்பதுபோல் தெரிந்தது.

"வீட்டுக்கு வெறும் மூக்கு மட்டும்தான் வந்துபோகுது" என்ற அப்பா, ஒரு சனிக்கிழமை அவளைக் கையோடு பார்லருக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார்.

அங்கே அம்மாவோடு வேலை பார்த்த அத்தை இருந்தாள். உறவில்லை, பழக்கத்தில் அத்தை. கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தித் தண்ணீர் தெளித்தாள்.

"நுனி மட்டும்தான்டி. உயிரையா எடுக்கப்போறேன்?"

ட்ரையரின் வெதுவெதுப்பான இரைச்சல், ஷாம்பு வாசனை. எதிரெதிர்க் கண்ணாடிகளுக்குள் நாற்காலிகள் அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசி அறையில் யாரோ சீப்பை உதறுவதுபோல் இருந்தது. அது யாரென்று பார்ப்பதற்குள் குருவிக்குக் கண் சொக்கி, தலை இடது தோள்பக்கம் சாய்ந்துவிட்டது.

விழித்தபோது அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முன்முடி இடப்பக்கம் குட்டை, வலப்பக்கம் நீளம்.

"நேராத்தான் வெட்டினேன். நீ இப்படித் தூங்கி விழுவேன்னு யாரு கண்டா? உங்கம்மா என்னதான்டி பண்ணுவா?"

"தெரியல அத்தை. நான்தான் எப்பவும் தூங்கிடுவேனே."

அந்தச் சாய்வையும் சேர்த்துத்தான் அம்மா வெட்டியிருக்கிறாள். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"சரி, இரு. இந்தப் பக்கத்தையும் குறைச்சிடறேன்."

குருவி வலது ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

"இதுல உங்க கத்தரி பட்டுச்சா?"

"இல்லியே."

"அப்ப இது அம்மா வெட்டினது. விட்டுடுங்க அத்தை."

அத்தை கத்தரியை இறக்கவில்லை.

"இந்தக் கோலத்துல வெளிய போனா என் பொழப்பு நாறிடும்டி."

"நாறட்டும்."

கத்தரி மேசைக்குப் போனது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பெண்மணி குருவியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரும்மா உனக்கு இப்படிக் கொத்திவிட்டது?"

"நான்தான்" என்றாள் அத்தை, தரையைக் கூட்டிக்கொண்டே. "இப்ப இதுதான் ஸ்டைல். உக்காருங்க."