பாங்குக்குப் பிறகு

சதுரங்கப் பலகையில் ஜெயராம் ராணியை வெட்டினார். ஷாஹுல் ஹமீது திருப்பி வெட்டினார். ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. ஜெயராமுக்கு ஒரு சிப்பாய் அதிகம்.

ராணிகளை வைத்துக்கொண்டு தாக்கியிருக்கலாம். ஆனால் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் ஜெயராம் விரும்பினார். கச்சேரி ரோட்டில் ஷாஹுலின் மூக்குக்கண்ணாடிக் கடையில் எத்தனையோ மாலைகள் இதே நிலை வந்திருக்கிறது. மசூதியில் பாங்கு சொல்வார்கள். ஷாஹுல் ராஜாவைப் படுக்க வைப்பார்.

"நீயே கெலிச்ச, ஐயரே."

ஜெயராம் மாட வீதி வழியாக மெதுவாக நடந்து வீட்டுக்குப் போவார். குளத்துப் பக்கம் காற்று வரும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அன்று நடந்தது எதுவும் நினைவிருக்காது.

இன்று ஆடுவது கடையில் அல்ல, தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். தொண்ணூற்று நான்கில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்று. இருவருக்கும் செஸ் ரேட்டிங் உண்டு. ஜெயித்தால் ஜெயராமுக்கு மாநில அணியில் இடம், டிரா போதாது. ஷாஹுலுக்கு எப்படியும் இடமில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசை முளைக்கவில்லை. அடுத்த வருஷம் இந்தப் பையன்களைத் தாண்டி வர முடியாது என்று ஜெயராமுக்குத் தெரியும்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது; பாங்கு நேரம். ஷாஹுல் ஆட வேண்டிய முறை. ஜெயராம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாஹுல் எழுந்தார். ராஜாவைத் தொடவில்லை. தன் கடிகாரம் ஓட ஓட, வராந்தாவில் துண்டை விரித்துத் தொழுதார். திரும்பி வந்து யானையால் செக் கொடுத்தார். ராஜா நகர, மறுபடி செக். ஜெயராமின் கூடுதல் சிப்பாய் முன்னேற வழியில்லை. கடைசியில் அதுவும் வெட்டுப்பட்டது. டிரா என்று கை கொடுத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஜெயராம் கேட்டார்: "கடையில எப்பவும் விட்டுடுவியே, பாய்?"

"அங்க வியாபாரம் கீது. தொழுதுட்டு வந்தா கிராக்கி நிப்பான். இங்க எனக்கு இன்னா வேல?"

"அப்ப கடையில நான் ஜெயிச்சதெல்லாம் டிராதானா?"

"பாதி டிரா. பாதியில நான் கெலிச்சிருப்பேன்."

ஜெயராம் சிரிக்கப் பார்த்தார். பஸ் வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஜெயராம் ஆபீஸ் போனார். மாலையில் கடைக்கு வந்தார். ஆடினார்கள். பாங்கு சொன்னபோது ஜெயராமிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது. ஷாஹுல் ராஜாவைப் படுக்க வைக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் பாய், போய்ட்டு வா."

ஜெயராம் பலகையைக் காய்களோடு அலுங்காமல் தூக்கி ஃபிரேம் அலமாரியின் மேல் வைத்தார். கண்ணாடி வாங்க வந்த ஒருவரை உட்காரச் சொன்னார்.