திரும்பிப் பார்க்காத டிரைவர்

கண்டக்டரம்மாவுக்குக் கம்பியைப் பிடிக்கிற வழக்கமே கிடையாது. பஸ் வளையட்டும், குலுங்கட்டும், சடன் பிரேக் போடட்டும், இடுப்பை ஒரு சீட்டின் ஓரத்தில் லேசாகச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் டிக்கெட் கட்டும் மறு கையில் சில்லறையுமாக, எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில் முன்னும் பின்னும் போய் வருவாள். அப்பேர்ப்பட்டவள், அசையாத சிமெண்டுத் தரையில், படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் சுவரைத் தடவினாள் என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

தரைதான் ஓடுகிறது என்று முதலில் சாதித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டல் செய்தார் புருஷன். அவர்தான் அந்த பஸ்ஸின் டிரைவர். ஒரே வண்டியில் வேலை பார்த்து, ஒரே வண்டியில் சண்டை போட்டு, இந்தச் சண்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

அப்புறம் வலது கால் இழுக்க ஆரம்பித்தது, பார்வை மங்கியது, கிண்டல் நின்றுபோனது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்றார் டாக்டர். மூளையிலிருந்து காலுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறதாம். ஒயரிங் கோளாறு என்று டிரைவர் பெரிய மெக்கானிக் மாதிரி தலையாட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதவரும் அவர்தான்.

அவள் வேலையை விட வேண்டியதாயிற்று. அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் விட்டார். அன்றிலிருந்து பிடி, பிடி, ஒரே பிடிதான். எழுந்தால் தோளைப் பிடிப்பார், நடந்தால் முழங்கையைப் பிடிப்பார். மிச்ச நேரமெல்லாம் ஜன்னலோரம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். தெருவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் அவர் இடது கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். அதைப் பார்க்கும்போது கண்டக்டரம்மாவுக்குத் தன் கால் போனதைவிட வலித்தது.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது பள்ளிக்கூட வேன்காரர் போன் செய்தார். டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டதும், இவர் மாட்டேன் என்றதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கு அவர் வண்டியில் இருப்பார் என்று கண்டக்டரம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்தவர், உன்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று குதித்தார். பள்ளி திறப்பதற்குள் வீட்டுக்குள்ளே தனியாக நடந்துகாட்டுகிறேன், காட்டினால் போகத்தான் வேண்டும் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் வீட்டிலேயே செய்யும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். தலையில் மாட்டும் பட்டை ஒன்றும் தந்தார்கள். அதில் ஈரப் பஞ்சு இருக்கும். மூளையைத் தூண்டிவிடுகிற மெல்லிய மின்சாரம் மண்டைக்குள் போகும்போது எறும்பு ஊர்கிற மாதிரி அரிக்கும். அரிக்க அரிக்க நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், குதிகாலைத் தூக்க வேண்டும், சமையல் மேடையைப் பிடித்து ஒரு காலில் நிற்க வேண்டும். இது மந்திரமல்ல, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, எப்படியானாலும் வேலை செய்ய வேண்டியது கால்தான் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

"நீ எப்பவும் ஒத்தக் கால்ல நிக்கிறவதானே, இதுல என்ன கஷ்டம்?" என்றார் டிரைவர். ரொம்ப நாளைக்கப்புறம் இருவரும் சிரித்தார்கள்.

கஷ்டம் அவர் கைதான். நீங்க பிடிச்சா அவங்க கால் வேலை செய்யாது அங்கிள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ போனில் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சிக்காரப் பெண் சொல்லிச் சொல்லி அலுத்தாள். கையை எடுப்பார், கண்ணால் பிடிப்பார். அந்தப் பயந்த கண்ணைப் பார்த்ததும் இவள் கால் பின்னிக்கொள்ளும்.

கண்டக்டரம்மாவுக்குப் பழைய பஸ் ஞாபகம் வந்தது. அத்தனை வருஷம் அவள் பார்த்தது அவர் முதுகைத்தான். வேர்வையில் நனைந்த காலர், முடி வெட்டாத பிடரி. ஒரு தடவைகூட அவர் திரும்பியதில்லை. ஒரு மணி அடித்தால் நிற்பார், இரண்டு மணி அடித்தால் எடுப்பார். யாராவது வயதானவர் மெதுவாக ஏறினால் மணி வரும்வரை எஞ்சின் உறுமக் காத்திருப்பார். எவ்வளவு நிம்மதியான முதுகு அது!

மறுநாள் நடையின் கோடியில், ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டாள். அவசரத்துக்குக் கூப்பிட அவள் கைத்தடியில் அவரே ஒரு சைக்கிள் மணி மாட்டியிருந்தார்.

"ஏறி உக்காருங்க டிரைவரே. ஒரு மணின்னா வந்து பிடிங்க. ரெண்டு மணின்னா நான் போய்ச் சேந்துட்டேன். மணி இல்லாம திரும்பினா மெமோதான்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், சுவரோரமாக வரிசையாய்ப் போட்ட நாற்காலிகளை ஒட்டி அவள் நடந்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படித் தேய்ந்தது நடையின் தரை. ஒரு மணி குறைந்தது, இரண்டு மணி கூடியது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் விழுந்தாள். வலது கால் கட்டைவிரல் தட்டி, பக்கவாட்டில், தடாலென்று. கன்னம் சிமெண்டில் படக் கிடந்தபடி பார்த்தாள். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கழுத்து மட்டும் திரும்பவில்லை.

ஐயோ, இந்த மனுஷன் என்று நினைத்தாள். கைத்தடி மணி கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தடவை அடித்தால் ஓடிவந்து அள்ளிக்கொள்வார். அதற்கப்புறம் ஆயுசுக்கும் கையை எடுக்க மாட்டார்.

அடிக்கவில்லை. புரண்டாள். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி முட்டி போட்டு, சுவரோர நாற்காலிக்குத் தவழ்ந்து, நல்ல காலை ஊன்றி உந்தினாள். வழுக்கியது. மறுபடி உந்தினாள். தெருவில் ஒரு பஸ் போயிற்று. எழுந்து நின்று மூச்சு வாங்கி, குளியலறை வாசல்வரை போய் இரண்டு மணி அடித்தாள்.

அப்போதும் அவர் திரும்பவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்டு, கண்டக்டர்?" என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டார்.

"ஒருத்தங்க விழுந்துட்டாங்க. அவங்களே எந்திரிச்சு ஏறிக்கிட்டாங்க. நீங்க வண்டிய எடுங்க."

அதற்கப்புறம்தான் திரும்பினார். இருவரும் அழுது தீர்த்தார்கள்.

மறுநாள் காலை வேன் சாவியோடு வாசலில் நின்றுகொண்டு, அவளை அப்பப்போ எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பைப் போட்டார், கழற்றினார், போட்டார். உள்ளேயிருந்து மணி கேட்டது. இரண்டு தடவை. டிரைவர் போய் வண்டியை எடுத்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனையில் அவர் கியர் மாற்றுகிற சத்தம் தேய்கிறவரை கண்டக்டரம்மா நின்று கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.